பழைய ஃபாக்ஸ்புரோ புரோகிராமிலிருந்து மாடல்: கடைமடையிலிருந்து மேலேறும் முழுமையான வழிகாட்டி

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் ஒரு பீடிக் கம்பெனி அலுவலகத்திலோ அரிசி ஆலைக் கணக்கறையிலோ நுழைந்தால், மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையும் நீலப் பெட்டி மெனுவுமாக ஒரு புரோகிராம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கலாம். தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்புரோவில் (டேபிள்களில் தரவை வைத்து வேலை செய்யும் புரோகிராம்களை எழுதும் மொழி) எழுதியதாக இருக்கும். எழுதியவர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். டாஸுக்கான ஃபாக்ஸ்புரோ 2.6-உடன் 1994-ல் நின்றுவிட்டது. விண்டோஸில் தொடர்ந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது.

முதலாளி கேட்பது ஒன்றுதான்: "அப்படியே புதுசா மாத்திக் குடுங்க தம்பி." அந்த "அப்படியே" என்ன என்பது முதலாளிக்கும் தெரியாது, கணக்கப்பிள்ளைக்கும் முழுசாகத் தெரியாது. அது நிரலுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, படித்தால் புரிகிற, ஓட்டினால் அதே எண்ணைத் தருகிற வடிவத்தில் எழுதி வைப்பதுதான் இந்த வேலை. அந்த வடிவத்தைத்தான் இங்கே மாடல் என்கிறோம்; அதை எடுக்கும் வேலைக்குப் பேர் ரிவர்ஸ் எஞ்சினியரிங்.

ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்பதற்கு எலியட் சிகோஃப்ஸ்கியும் ஜேம்ஸ் கிராஸும் 1990-ல் ஐ.ஈ.ஈ.ஈ. சாஃப்ட்வேர் இதழில் தந்த வரையறை இன்னும் நிற்கிறது: ஒரு அமைப்பின் உறுப்புகளையும் அவற்றுக்குள் இருக்கும் உறவுகளையும் கண்டறிந்து, வேறு வடிவத்தில் அல்லது இன்னும் மேலான மட்டத்தில் எடுத்துக்காட்டுவது. அமைப்பை மாற்றுவது அதில் சேராது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ளும்போதே திருத்தவும் தொடங்கினால் இரண்டும் கெடும்.

இந்த வழிகாட்டிக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலியும் பி.எஃப்.பும் போடும் ஒரு புரோகிராம். 60 நிரல் ஃபைல், 35 டேபிள், மொத்தம் 14,000 வரி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, மாதக் கடைசியில் பி.எஃப். கணக்கு.

எங்கிருந்து தொடங்கக் கூடாது

மெயின் மெனு நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. மூன்றாம் நாள் எண்பது கட்டம் போட்ட ஒரு படம் கையில் இருக்கும். அதை வைத்து யாருடைய கூலியையும் கணக்குப் போட முடியாது.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தாமிரபரணி அணை இருக்கும் பாபநாசத்துக்குப் போய் நின்று ஆற்றைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. கடைமடையிலிருந்து வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மடையில் தண்ணீர் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். நிரலிலும் அப்படித்தான். வெளியே வந்து விழும் ஒரு எண்ணைப் பிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று மேலே போக வேண்டும். ஒரு ரிப்போர்ட், அதில் ஒரு பத்தி (நெடுவரிசை), அதற்குத் தேவையான மாடல் மட்டும். அது சரிபார்த்து முடிந்ததும் அடுத்த பத்தி.

முதல் படி: தொடாமல் நகல் எடுப்பது

நிரல் ஃபைல்களை மட்டும் எடுத்துவந்தால் போதாது; ஃபோல்டரை முழுசாக எடுங்கள். கான்ஃபிக் ஃபைல், இண்டெக்ஸ் ஃபைல், மெமோ ஃபைல், டெஸ்க்டாப்பில் இருக்கும் பேட்ச் ஃபைல், எல்லாமே. முக்கியமாக, மெம் என்று முடியும் ஃபைல்கள். ஃபாக்ஸ்புரோவில் 'சேவ் டு' என்று கொடுத்தால் மெமரி வேரியபிள்கள் அதில் போய் உட்காரும். 'ரிஸ்டோர் ஃப்ரம்' அதைத் திரும்ப எடுக்கும். கூலி விகிதமும் பஞ்சப்படியும் டேபிளில் இல்லாமல் இந்த ஃபைலுக்குள் ஒளிந்திருப்பது சகஜம். நிரலில் தேடித்தேடி விகிதம் கிடைக்கவில்லை என்றால் இங்கே பாருங்கள்.

நகலை ரீட் ஒன்லியாக வைத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் (ஃபைல் துளி மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்புக் குறியீடு) எடுத்து எழுதிவையுங்கள். பிறகு இன்னொரு நகலை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள். ஃபாக்ஸ்புரோ 2.6 டாஸ்பாக்ஸில் நன்றாக ஓடும்.

அடுத்த கேள்வி: கையில் இருக்கும் நிரலும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமும் ஒன்றுதானா? கம்பைல் ஆன ஃபைலின் தேதியை நிரல் ஃபைலின் தேதியோடு ஒப்பிடுங்கள். நிரல் பழையதாகவும் கம்பைல் ஆனது அதைவிட வெகு புதியதாகவும் இருந்தால், யாரோ வேறு இடத்தில் திருத்திக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நிரலை நீங்களே கம்பைல் செய்து, ஒரு மாதத்து ரிப்போர்ட்டை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

மூல நிரலே இல்லையென்றால், கம்பைல் ஆன ஃபைலிலிருந்து நிரலைத் திரும்ப எடுக்கும் ரீஃபாக்ஸ் போன்ற டீகம்பைலர்கள் இருக்கின்றன. அதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சட்டப்படி புரோகிராமை வைத்திருப்பவர் அது எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராயவும், வேறொரு புரோகிராமோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அதைத் தாண்டிப் போவதாக இருந்தால் எழுதியவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: டேபிளை அதன் வாயாலேயே பேசவிடுவது

நிரல் பொய் சொல்லலாம், பேர் பொய் சொல்லலாம். இருபது வருஷத்துத் தரவு பொய் சொல்வது கடினம். அதனால் தரவு மாடல் முதலில்.

டேபிளைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலின் அமைப்பு எளிது. முதல் பைட் வகை. அடுத்த 3 பைட் கடைசியாகத் திருத்திய தேதி. அடுத்த 4 பைட் ரெக்கார்டு எண்ணிக்கை. அடுத்த 2 பைட் தலைப்பின் நீளம், அதற்கடுத்த 2 பைட் ஒரு ரெக்கார்டின் நீளம். அதன்பின் 20 பைட் வேறு விஷயங்களுக்கு; அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 32 பைட் விவரம். ஃபாக்ஸ்புரோ 2.6 ஃபைலில் தலைப்பு நீளத்திலிருந்து 33-ஐக் கழித்து 32-ஆல் வகுத்தால் ஃபீல்டு எண்ணிக்கை வரும். 1,025 என்றால் 31 ஃபீல்டு. தலைப்பு நீளத்தோடு, எண்ணிக்கையை ரெக்கார்டு நீளத்தால் பெருக்கிக் கூட்டினால் ஃபைலின் அளவு (கடைசியில் ஒரு பைட் கூடலாம்) வர வேண்டும். ஃபைல் அதைவிடப் பெரிதாக இருந்தால், என்றோ கரண்ட் போனபோது எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டுகள் தலைப்பில் ஏறாமல் கிடக்கின்றன.

எண் ஃபீல்டுகள் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அகலத்துக்குள் அடங்காத எண் வந்தால் ஃபீல்டு முழுக்க நட்சத்திரக் குறியாகிவிடும். அதைச் சுழி என்று படிக்கும் கன்வெர்ட்டர்கள் உண்டு. கூட்டுத்தொகை இடிக்கும்போதுதான் தெரியவரும். ரெக்கார்டின் முதல் பைட்டில் நட்சத்திரம் இருந்தால் அது அழித்த ரெக்கார்டு. அழித்தது என்பது பெயருக்குத்தான். அழித்ததை நிரந்தரமாக நீக்கும் 'பேக்' கட்டளை போடும்வரை அது அங்கேயே இருக்கும். பைத்தானில் டிபிஎஃப்ரீட் நூலகம் அழித்த ரெக்கார்டுகளைத் தனியாகக் கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தள ஃபைலுக்குள் கொண்டுவந்து, "அழித்தது" என்று ஒரு பத்தியும் சேர்த்துவிடுங்கள்.

இனி ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வருஷவாரியாக எண்ணுங்கள்: எத்தனை காலி, எத்தனை வேறுவேறு மதிப்பு, மிகச் சிறியது, மிகப் பெரியது. வருஷவாரி என்பது முக்கியம். ஃபீல்டின் பொருள் நடுவில் மாறியிருக்கும். 2014-ல் யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான எண்) வந்தபோது புதிய ஃபீல்டு சேர்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. "முகவரி 3" காலியாகக் கிடந்திருக்கும், அதில் 12 இலக்க எண்ணை அடித்திருப்பார்கள். சில பேருக்கு அதே இடத்தில் ஆதார் எண். அதுவும் 12 இலக்கம்தான். பிரிக்க வழி இருக்கிறது: ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது, அதன் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைச் சரிபார்ப்பு இலக்கம். இந்தச் சோதனைகளில் தேறாததை யூ.ஏ.என். பட்டியலில் வைத்து, பி.எஃப். போர்ட்டலில் உள்ள பட்டியலோடு சரிபாருங்கள். மாடலில் அந்த ஃபீல்டை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: உண்மையான முகவரி வரி, யூ.ஏ.என்., ஆதார். டேபிளில் ஒரு ஃபீல்டு என்பதற்காக மாடலிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

(இந்தத் தரவை எந்த ஏ.ஐ. கருவிக்கும் அப்படியே ஏற்றாதீர்கள். பெயர், எண் எல்லாவற்றையும் மாற்றிய நகல் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.)

எது கீ (ஒரு ரெக்கார்டைத் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு) என்பதை இண்டெக்ஸ் வரிகள் சொல்லும். 'இண்டெக்ஸ் ஆன்' என்ற சொல்லை எல்லா நிரலிலும் தேடுங்கள். தொழிலாளி எண்ணை நான்கு இலக்க எழுத்தாக்கி அதோடு டிடிஓஎஸ் தேதி (வருஷம்-மாதம்-நாள் வரிசையில் எழுத்தாக்கியது) சேர்த்திருந்தால், ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு வரவு என்பதுதான் எழுதியவரின் எண்ணம். அந்தக் கீயில் இரட்டைப் பதிவு எத்தனை இருக்கிறது என்று தரவில் எண்ணிப் பாருங்கள். எண்ணம் நடைமுறையில் நின்றதா என்பது தெரிந்துவிடும். டிடிஓஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் டிடிஓசி இருந்தால் தேதி, நாள்-மாதம்-வருஷம் வரிசையில் எழுத்தாகிறது. 01/12/98 என்பது 02/01/98-க்கு முன்னால் வரும். "கடைசி வரவு" என்று எடுக்கும் இடத்தில் தவறான ரெக்கார்டு கிடைக்கும்.

டேபிள்களுக்கு இடையிலான உறவு, கீயை வைத்து ரெக்கார்டைத் தேடும் 'சீக்', இரண்டு டேபிளை இணைக்கும் 'செட் ரிலேஷன்' வரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு உறவுக்கும் ஆதாரமாக நிரல் ஃபைல் பேரையும் வரி எண்ணையும் குறியுங்கள். ஆதாரம் இல்லாத கோட்டை மாடலில் போடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள்: ஒரு கிளைப்பாதை

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பெயர் அடித்திருந்தால், எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். "கொக்கிரகுளம்" என்பதில் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். அகலம் போதாமல் ஃபீல்டின் முடிவில் கால் வெட்டுப்பட்டால் 'கொ' என்பது 'கெ' ஆகிவிடும், பார்த்தால் தவறு என்றே தெரியாது. இண்டெக்ஸ் வரிசையிலும் கொம்பில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். கெ, கொ, செ, பொ எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த இருபது ஊர்ப் பெயர்களை எடுத்து மாற்றிப் பாருங்கள். புதிய டேபிளில் அகலத்தைப் பைட் கணக்கில் வைக்காதீர்கள்: கொக்கிரகுளம் ஏழே எழுத்துதான், ஆனால் யூடிஎஃப்-8-ல் 36 பைட்.

மூன்றாம் படி: ஒரே ஒரு எண்ணைப் பிடிப்பது

பி.எஃப். கணக்கு நல்ல தொடக்கம், ஏனென்றால் அதற்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறது. மாதாமாதம் போர்ட்டலில் ஏற்றிய ஈ.சி.ஆர். ஃபைல். ஒரு வரியில் ஒரு தொழிலாளி, #~# குறியால் பிரித்த 11 பத்தி: யூ.ஏ.என்., பெயர், மொத்த ஊதியம், பி.எஃப். ஊதியம், பென்ஷன் ஊதியம், காப்பீட்டு ஊதியம், பி.எஃப். தொகை, பென்ஷன் தொகை, இரண்டுக்கும் வித்தியாசம், வேலை இல்லாத நாள், முன்பணம் திரும்பச் செலுத்தியது. நாம் பிடிக்கப்போவது ஒன்பதாவது பத்தி, வித்தியாசம்.

ரிப்போர்ட்டிலிருந்து மேலே போக ஒரு வசதி: ஃபாக்ஸ்புரோவின் ரிப்போர்ட் வடிவ ஃபைலும் உள்ளுக்குள் ஒரு டேபிள்தான். 'யூஸ்' போட்டுத் திறந்தால், எந்த இடத்தில் எந்த எக்ஸ்பிரஷன் அச்சாகிறது என்பது ஃபீல்டு ஃபீல்டாக வரும். அங்கே இருக்கும் பேரை எடுத்து, அந்தப் பேருக்கு மதிப்புக் கொடுக்கும் 'ரீப்ளேஸ்' வரிகளை எல்லா நிரலிலும் தேடுங்கள். ஒரு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்று இடம் கிடைப்பதுதான் வழக்கம். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: மாதக் கணக்கு, திருத்தும் ஸ்கிரீன், வருஷக் கடைசியில் ஓடும் சரிக்கட்டும் நிரல்.

இப்போது கிட்டப் போய்ப் பாருங்கள். பீடித் தொழிலுக்கு பி.எஃப். பங்கு 10 சதவீதம். மற்ற பெரும்பாலான நிறுவனங்களுக்கு 12. முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும், மீதி பி.எஃப். கணக்கில் சேரும். மீதி என்றால் 1.67 சதவீதம்தானே என்று மாடலில் எழுதத் தோன்றும். ஒரு தொழிலாளியின் மாத ஊதியம் 4,156 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் 415.60, முழு ரூபாய்க்கு 416. பென்ஷன் 8.33 சதவீதம் 346.19, அதாவது 346. கழித்தால் 70. ஆனால் 1.67 சதவீதத்தை நேராகப் போட்டால் 69.41, அதாவது 69. ஒரு ரூபாய் இடிக்கிறது. பழைய நிரலில் கழித்தலா பெருக்கலா என்பதைத்தான் மாடல் சொல்ல வேண்டும். "மீதி பி.எஃப்.புக்குப் போகும்" என்ற வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும், அதனால் அது மாடல் ஆகாது. "வித்தியாசம் = முழு ரூபாயாக்கிய 10% − முழு ரூபாயாக்கிய 8.33%" என்பதுதான் மாடல்.

அதே நிரலில் 0.0833 இன்னொரு இடத்திலும் வரும். போனஸ். போனஸுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச விகிதமும் 8.33 சதவீதம்தான். ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே மாறிலியாக்கிவிட்டால், என்றாவது போனஸை 10 சதவீதமாக உயர்த்தும்போது பென்ஷனும் சேர்ந்து உயரும். ஒரே எண்ணா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், ஒரே காரணமா என்று கேளுங்கள். மாடலில் ஒவ்வொரு மாறிலிக்கும் அதன் மூலத்தை எழுதுங்கள்: பென்ஷன் திட்டம், போனஸ் சட்டம், கம்பெனியின் சொந்த முடிவு. மூலம் தெரியாத மாறிலிக்குச் சிவப்புக் குறி.

நான்காம் படி: மொழியின் குணத்தை மாடலுக்குள் கொண்டுவருவது

பெரும்பாலான முயற்சிகள் கவிழும் இடம் இதுதான். நிரல் வரியைச் சரியாகப் படித்திருப்பீர்கள். அந்த மொழி அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைத் தவறாக நினைத்திருப்பீர்கள்.

முதலில் 'செட் எக்ஸாக்ட்'. இது ஆஃபில் இருந்தால் (இயல்பாகவே ஆஃப்தான்) சமக்குறிக்கு வலப்பக்கம் இருக்கும் சொல் எங்கே முடிகிறதோ அதுவரைதான் ஒப்பிடும். கிளை எண் இரண்டு எழுத்து ஃபீல்டு. "12" என்பது "1"-க்குச் சமமா என்று கேட்டால் ஆமாம் என்று பதில் வரும். முதல் கிளைக்கு ரிப்போர்ட் கேட்டால் 10 முதல் 19 வரை உள்ள கிளைகளும் சேர்ந்து வரும். ஆனால் ஸ்கிரீனில் அடித்த மதிப்பு "1" ஆக இல்லாமல், பின்னால் ஒரு இடைவெளியோடு இருந்தால் சரியாக வேலை செய்யும். ஆக, நடுவில் யாராவது இடைவெளியை வெட்டும் 'ஆல்ட்ரிம்' போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து ஒரே வரி இரண்டு விதமாக நடக்கும். ஒரே நிரல் ஃபைலைப் படித்து இது தெரியாது. மெயின் நிரலின் தொடக்கத்தில் எந்த 'செட்' கட்டளைகள் இருக்கின்றன, நடுவில் எங்கே மாறுகின்றன என்று ஒரு தனிப் பட்டியல் போடுங்கள். ஏ.ஐ. கருவியிடம் ஒரு நிரலை மட்டும் கொடுத்து விளக்கம் கேட்டாலும் இதே இடத்தில்தான் சறுக்கும். மற்றபடி நீளமான 'டூ கேஸ்' பகுதிகளைச் சுருக்கித் தர அது உதவும்.

அடுத்து, ரவுண்ட். ஃபாக்ஸ்புரோவில் அரை ரூபாய் மேலே போகும். ஊதியம் 4,125 என்றால் 10 சதவீதம் 412.50, ஃபாக்ஸ்புரோ 413 என்னும். பைத்தானின் ரவுண்டும் விஷுவல் பேசிக் 6-ன் ரவுண்டும் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும்: 412. மாடலை ஓட்டும் நிரலில் டெசிமல் வகையைப் பயன்படுத்தி, அரை மேலே என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். ரவுண்டே போடாத இடத்திலும் கவனம் வேண்டும். இரண்டு தசம இடமுள்ள ஃபீல்டில் எழுதும்போது எண் அங்கேயே சுருங்கிவிடும். வேரியபிளில் வைத்துக் கூட்டிய தொகையும், ஃபீல்டில் எழுதிப் பிறகு கூட்டிய தொகையும் பைசாவில் மாறும்.

தேதிக்கு வருவோம். 'செட் செஞ்சுரி ஆஃப்' என்று இருந்தால் 2.6-ல் இரண்டு இலக்க வருஷம் அடித்தால் அது 1900-களுக்குப் போகும். 2002-ல் பிறந்த பெண் 1902-ல் பிறந்தவராகப் பதிவாவார். 58 வயதுக்கு மேல் பென்ஷன் பங்கு கிடையாது என்ற விதி நிரலில் இருக்கும். ஆக, இருபது வயதுப் பெண்ணுக்குப் பென்ஷன் தொகை சுழி, 10 சதவீதமும் வித்தியாசப் பத்தியில். விதி சரி, நிரல் வரி சரி, முடிவு தவறு. பிறந்த தேதியை வருஷவாரியாக எண்ணும்போதே 1900 முதல் 1910 வரை ஒரு கும்பல் தென்படும்.

வேரியபிளின் வீச்சும் ஒரு சிக்கல். ஒரு நிரலில் வைத்த வேரியபிளை அது கூப்பிடும் நிரல்கள் எல்லாம் பார்க்கலாம், மாற்றலாம். கூப்பிடப்பட்ட நிரலில் அதே பேரில் சும்மா ஒரு மதிப்புக் கொடுத்தாலும் மேலே இருப்பது மாறிவிடும். அதனால் ஒரு நிரலின் "உள்ளீடு" என்று அதன் பாராமீட்டர்களை மட்டும் எழுதினால் மாடல் பாதிதான். மதிப்பு வைக்காமல் படிக்கும் வேரியபிள்கள் அத்தனையும் உள்ளீடுதான்.

அழித்த ரெக்கார்டு விஷயத்தில், அவற்றை மறைக்கும் 'செட் டெலீட்டட்' ஆனா ஆஃபா என்று பாருங்கள். ஆனில் இருந்தாலும், ரெக்கார்டுகளை எண்ணும் 'ரெக்கவுண்ட்' அழித்ததையும் சேர்த்தே எண்ணும். அடுத்த வவுச்சர் எண்ணை அதை வைத்துக் கொடுத்திருந்தால், 'பேக்' போட்ட மறுநாள் பழைய எண்கள் திரும்ப வரும்.

ஐந்தாம் படி: யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்

'டூ' வரிகளைத் தேடிப் படம் போடுவது அரை நாள் வேலை. கிராஃப்விஸ் போன்ற கருவி போதும். சிக்கல் 'அண்ட்' குறியில் (&). அந்தக் குறியோடு ஒரு வேரியபிள் பேரை வைத்தால், ஓடும்போது அதன் மதிப்பே கட்டளையாகிவிடும். எந்த டேபிளைத் திறக்கிறது என்பது அந்த வேரியபிளில் இருக்கிறது; ஏப்ரல் முதல் தேதிக்கு அது வேறு ஃபைல். தேடல் கருவிக்கு இது தெரியாது.

அதற்கு நகலில் மட்டும் ஒரு சின்னத் தடம் வையுங்கள்: ஒவ்வொரு நிரலின் தொடக்கத்திலும், நிரலின் பேர், நேரம், திறந்திருக்கும் டேபிளின் பேர் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் வரி. ஒரு மாத வேலையை அந்த நகலில் திரும்பச் செய்து பார்த்தால் உண்மையான பாதை வந்துவிடும். ஆனால் ஒரு மாதத்தில் ஓடாத நிரலைச் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். போனஸ் நிரல் வருஷத்தில் ஒரு நாள்தான் ஓடும். மார்ச் கணக்கு முடிப்பும் அப்படித்தான்.

இங்கே 1995-ல் கெயில் மர்ஃபி, டேவிட் நாட்கின், கெவின் சலிவன் மூவரும் சொன்ன ரிஃப்ளெக்ஷன் முறை கைகொடுக்கும். நிரலைப் பார்ப்பதற்கு முன்பே, இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் நினைக்கிற படத்தை ஐந்தாறு கட்டத்தில் வரையுங்கள்: இலையும் தூளும் கொடுப்பது, பீடி வாங்குவது, கூலி, பி.எஃப்., போனஸ். ஒவ்வொரு நிரலையும் ஏதாவது ஒரு கட்டத்தில் சேருங்கள். நிரலில் உள்ள அழைப்புகள் உங்கள் கோடுகளோடு ஒத்துப்போகின்றனவா, நீங்கள் போடாத கோடு இருக்கிறதா, நீங்கள் போட்ட கோடு நிரலில் இல்லையா என்று பாருங்கள். நீங்கள் போடாத கோடுகள்தான் பொன். பி.எஃப். நிரல் நேரடியாக இலை டேபிளைத் திறக்கிறது என்றால், அங்கே ஒரு பிடித்தம் ஒளிந்திருக்கிறது.

பழைய நிரலின் அமைப்பை மாடலாக எழுத ஓ.எம்.ஜி. என்ற அமைப்பின் கே.டி.எம். என்ற தரமும் இருக்கிறது. 2012-ல் அது ஐ.எஸ்.ஓ. தரமானது. வங்கியின் கோபோல் மொழி நிரல் அளவுக்கு அது பொருந்தும். 14,000 வரி ஃபாக்ஸ்புரோவுக்கு அதைக் கொண்டுவருவது சிற்றாற்றைக் கடக்கக் கப்பல் வாங்குவது மாதிரி.

ஆறாம் படி: கணக்கப்பிள்ளையிடம் கேட்பது

அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்; முதலிலேயே போய் "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் சட்டப் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்வார்கள். ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். "அண்ணாச்சி, போன ஆகஸ்டுல இந்தப் பதினோரு பேருக்கு மட்டும் கூலி நாற்பது ரூபா கூட வருதே, எதுக்கு?" என்றால், "அது பண்டிகை லீவுல்லா, அது கம்ப்யூட்டர்ல வராது, நான் கையால போட்டுருவேன்" என்று பதில் வரும். புரோகிராமில் இல்லாத விதி ஒன்று கிடைத்தது. மாடலில் அதற்கும் இடம் வேண்டும். "கையால்" என்று குறித்து.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்தக் காகிதத்தில் எந்த எண்ணைப் பேனாவால் திருத்துவீர்கள்? அச்சிட்ட பழைய ரிப்போர்ட்டுகளில் பேனாத் திருத்தம் உள்ள பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள்.

மாடலில் பேர் வைக்கும்போது அலுவலகத்தில் சொல்கிற சொல்லையே வையுங்கள். பத்து எழுத்துக்குள் நெருக்கிய பழைய ஃபீல்டு பேரும் வேண்டாம், நீங்களாக மொழிபெயர்த்த பேரும் வேண்டாம். கணக்கப்பிள்ளை மாடலைப் படித்து "இது தப்பு" என்று சொல்ல முடிய வேண்டும். முடிவு அட்டவணை அதற்கு ஏற்றது: இடப்பக்கம் நிபந்தனைகள், வலப்பக்கம் என்ன நடக்கும். ஆறு நிபந்தனைக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: வித்தியாச நோட்டு

எழுதிய விதிகளைச் சின்ன நிரலாக்கி, 12 மாதத் தரவில் ஓட்டி, ஈ.சி.ஆர். ஃபைல்களோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு ரூபாய் கூடி இன்னொருவருக்கு ஒரு ரூபாய் குறைந்தால் மொத்தம் சரியாகவே இருக்கும்.

இடிக்கும் ஒவ்வொரு வரியையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். மாடல் தவறு: திருத்துங்கள். கையால் மாற்றியது: யார், ஏன் என்று எழுதுங்கள். தரவு கெட்டது: 1902-ல் பிறந்தவர்கள் இங்கே. நான்காவது, பழைய புரோகிராமே தவறு. இதுதான் தர்மசங்கடம். மாடலில் அந்தத் தவறை உள்ளபடியே எழுதி, பக்கத்தில் "தவறு" என்று குறியிடுங்கள். சரிசெய்வதா வேண்டாமா என்பது முதலாளியும் ஆடிட்டரும் எடுக்க வேண்டிய முடிவு, பி.எஃப். தொகை என்றால் பின்தேதிக் கணக்கும் சேர்ந்துவரும். நீங்களே சத்தமில்லாமல் சரிசெய்தால், அடுத்த மாதம் எண் மாறியதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

காரணம் தெரியாத வரி ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் அந்தப் பத்தி முடிந்தது. 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்பதில் திருப்தி அடையாதீர்கள். மிச்சம் ஒரு சதவீதத்தில்தான் உங்களுக்குத் தெரியாத விதி இருக்கிறது. முதல் பத்திக்கு இரண்டு வாரம் ஆகலாம். டேபிள்களும் 'செட்' பட்டியலும் தெரிந்துவிட்டதால் அடுத்தடுத்தவை வேகமாகும்.

மாடலை டெக்ஸ்டாகவே வையுங்கள்: படத்துக்கு, டெக்ஸ்டிலிருந்து படம் வரையும் பிளான்ட்யூஎம்எல், அட்டவணைக்குச் சிஎஸ்வி, எல்லாம் 'கிட்' என்ற, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில். படமாக மட்டும் இருந்தால் எது எப்போது மாறியது என்று தெரியாது.

எட்டாம் படி: கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுவது

ஒரு ரிப்போர்ட்டின் மாடல் முடிந்ததும் அதை மட்டும் புதியதிலிருந்து கொடுக்கலாம். பழைய புரோகிராம் தரவை எழுதட்டும். புதியது இரவில் எடுத்த நகலைப் படிக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் புதிய நிரல் நேராக எழுதக் கூடாது. லாக் முறை ஒத்துப்போகாமல் இண்டெக்ஸ் கெட்டுப்போகும்; ரெக்கார்டு இருந்தும் 'சீக்' கண்டுபிடிக்காது, கணக்கப்பிள்ளை இரண்டாம் தடவை பதிவு போடுவார். ஒரு டேபிளுக்கு ஒரு நேரத்தில் ஒரே எழுத்தர். கைமாற்றும் நாளில் அந்த டேபிளைப் பழைய பக்கத்தில் ரீட் ஒன்லியாக்கிவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். படிக்க மட்டும் செய்யும் ரிப்போர்ட்டுகள் முதலில், பிறகு விகித டேபிள்கள், தினசரி வரவு கடைசியில். மார்ச்சிலும், போனஸ் போடும் மாதத்திலும் எதையும் மாற்றாதீர்கள்.

எல்லாம் மாறிய பிறகும் டாஸ்பாக்ஸ், பழைய புரோகிராம், கடைசி நாள் தரவு மூன்றையும் ஒரே ஃபோல்டரில், ஹாஷ் பட்டியலோடு, இரண்டு இடத்தில் வைத்திருங்கள். வேலையை விட்டுப் பல வருஷம் ஆன ஒருவர் பென்ஷனுக்கு விண்ணப்பித்து, அவருடைய பழைய கணக்கைக் கேட்டுக் கடிதம் வரும். அன்றைக்கு ஓட்டிக்காட்ட வேண்டியது அந்தக் கறுப்புத் திரையைத்தான்.